ஆற்காட்டுப் பிள்ளைகளின் கையில் பேரரசின் வாசகப் புத்தகம்: ஒரு பள்ளி நிர்வாகக் குழுவுக்குத் திறந்த மடல்

பள்ளி நிர்வாகக் குழுவின் தலைவர், செயலாளர், முதல்வர், உறுப்பினர்கள் அனைவருக்கும்:

இக்கல்வியாண்டில் ஐந்தாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆங்கில வாசிப்புக்கென நீங்கள் புதிதாகச் சேர்த்திருக்கும் நான்கு வாசகப் புத்தகங்களை இப்போதுள்ள வடிவில் மாணவர்களிடம் விட்டுவைக்கக் கூடாது என்று கேட்டே இம்மடலை எழுதுகிறேன். இதை முதலில் பெற்றோர் கூட்டத்தில் சொன்னேன். பிறகு எழுத்திலும் கொடுத்தேன். அவை மொழிப் பயிற்சிக்காக வைக்கப்பட்டவை, உள்ளடக்கத்தை யாரும் பாடமாக நடத்தப் போவதில்லை, தேர்விலும் கேட்கப் போவதில்லை என்ற பதிலே இரண்டு முறையும் கிடைத்தது. அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. ஆகவே, இதே புத்தகங்களைப் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரும் ஆசிரியர்களும் அறியும்படி இதைப் பொதுவில் வைக்கிறேன்.

நான் பழைய வேலூர் மாவட்டத்தின் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவள். என் பேத்தி உங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். அவளுடைய புத்தகத்தையும், மற்ற மூன்று வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டு வாங்கிய புத்தகங்களையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்த பிறகே பேசுகிறேன். அவற்றிலுள்ள பகுதிகளில் மிகப் பெரும்பாலானவை 1880-களுக்கும் 1911-க்கும் இடையே இங்கிலாந்தில் அச்சான சிறுவர் நூல்களிலிருந்து எடுக்கப்பட்டவை. பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் யார் வேண்டுமானாலும் அவற்றை அச்சிட்டு விற்கலாம். அதில் சட்டப்படி தவறு எதுவும் இல்லை. ஆனால், எந்தப் பகுதியிலும் எழுதியவர் பெயர் இல்லை, முதலில் வெளிவந்த ஆண்டு இல்லை, எந்த நாட்டுப் பிள்ளைகளுக்காக எழுதப்பட்டது என்ற குறிப்பும் இல்லை. பழைய படங்களுக்குப் பதில் பளிச்சென்ற புதுப் படங்கள் வரையப்பட்டிருக்கின்றன. தான் படிப்பது நூறாண்டுக்கு முந்திய எழுத்து என்பதைப் பதினொரு வயதுக் குழந்தை அறிந்துகொள்ள அந்தப் பக்கங்களில் எந்த வழியும் இல்லை. வகுப்பில் இதைப் படிக்கவைக்கும் ஆசிரியருக்கும் அது சொல்லப்படவில்லை என்பதை அவரிடமே பேசித் தெரிந்துகொண்டேன். அவரை நான் குறை கூறவில்லை. கையில் கொடுத்ததை அவர் படிக்கவைக்கிறார்.

ஆறாம் வகுப்புப் புத்தகத்தின் மூன்றாம் பாடம் ஆற்காட்டு முற்றுகை. உங்கள் பள்ளியின் பேருந்து ஒவ்வொரு நாளும் எந்த ஊரிலிருந்து பிள்ளைகளை ஏற்றி வருகிறதோ, அந்த ஊரின் கதை. 1751 ஆகஸ்டில் இருபத்தைந்து வயது ராபர்ட் கிளைவ் 200 ஐரோப்பியரையும் 300 சிப்பாய்களையும் அழைத்துக்கொண்டு சென்னையிலிருந்து புறப்படுகிறார். இடி மழையில் அஞ்சாமல் நடந்து வருகிறார். கோட்டைக் காவலர்கள் ஓடிவிடுகிறார்கள். பிறகு சந்தா சாகிபின் மகன் ராஜா சாகிப் பெரும்படையுடன் வந்து ஐம்பது நாள் சூழ்ந்து நிற்கிறான். நெற்றியில் இரும்புத் தகடு கட்டிய யானைகள் கதவை முட்ட வருகின்றன. துப்பாக்கிச் சூட்டில் மிரண்டு தம் படையையே மிதித்து ஓடுகின்றன. விறுவிறுப்பான கதை, அருமையான நடை. என் பேத்தி ஒரே மூச்சில் படித்துவிட்டாள்.

அந்தப் பாடத்தின் நெஞ்சை உருக்கும் இடம் எது என்பது உங்களுக்கும் தெரியும். உணவு குறைந்துபோனபோது சிப்பாய்கள் கிளைவிடம் வந்து, சோற்றை ஐரோப்பியருக்கே கொடுத்துவிடுங்கள், வடித்த கஞ்சி எங்களுக்குப் போதும் என்று சொன்னதாக வரும் இடம். மெக்காலே 1840-ல் கிளைவைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இச்செய்தியை மனம் நெகிழச் சொல்லியிருக்கிறார். அதன்பின் பேரரசின் சிறுவர் நூல்களில் அது மீண்டும் மீண்டும் சொல்லப்பட்டது. இங்கிலாந்துப் பிள்ளைகள் அதைப் படித்து என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று எழுதியவர்கள் விரும்பினார்கள் என்பது தெளிவு: நம் ஆட்சியை இந்தியர்கள் தம் வயிற்றைக் காயப்போட்டும் விரும்பினார்கள், நம் தலைவனுக்காக எதையும் கொடுத்தார்கள் என்பதே அது. படித்து முடித்த பேத்தி என்னிடம், "ஆயா, கஞ்சி குடிச்சவங்க பேரு எதுவுமே இதுல இல்லையே?" என்று கேட்டாள். இல்லை. கிளைவின் வயது இருக்கிறது, அவருடைய பிள்ளைப் பருவக் குறும்புகள் இருக்கின்றன, ராஜா சாகிபின் பெயர் இருக்கிறது; சோற்றை விட்டுக்கொடுத்த முந்நூறு பேரில் ஒருவருக்கும் பெயரில்லை, ஊரில்லை, குடும்பமில்லை. அவர்கள் ஏன் கிழக்கிந்தியக் கம்பெனியின் சம்பளத்துக்கு வந்தார்கள் என்ற கேள்வியும் அங்கே எழவில்லை. கிளைவ் ஆற்காட்டைப் பிடித்ததன் நோக்கம் திருச்சிராப்பள்ளியில் முகமது அலியைச் சூழ்ந்திருந்த சந்தா சாகிபின் படையைப் பிரித்து இழுப்பது. ஆற்காட்டு நவாப் பதவிக்காக அவ்விருவரும் இட்ட போட்டிக்குப் பின்னால் ஆங்கிலேயக் கம்பெனியும் பிரெஞ்சுக் கம்பெனியும் நின்றன. யாரைக் காப்பதாகச் சொல்லிக் கிளைவ் போரிட்டாரோ அந்த முகமது அலியின் குடும்பத்திடமிருந்தே ஐம்பது ஆண்டுகளில், 1801-ல், ஆற்காட்டு நவாபின் ஆட்சிப் பகுதியான கர்நாடகம் முழுவதையும் கம்பெனி தன் நேராட்சிக்குள் எடுத்துக்கொண்டது. இவை எதுவும் பாடத்தில் இல்லை. பாலாற்றங்கரையில் இன்றும் எஞ்சி நிற்கும் டெல்லி கேட்டைத் தினமும் கடந்து வரும் குழந்தை, தன் ஊரைக் கோட்டைக்குள்ளிருந்த கிளைவின் கண்ணால் மட்டுமே பார்க்கிறது. மதிலுக்கு வெளியே இருப்பவர்களெல்லாம் அதற்குக் கூச்சலிடும் கூட்டமாகத் தெரிகிறார்கள்.

என்னை இம்மடல் எழுதவைத்தது இதுகூட அல்ல. சென்ற ஆண்டுவிழாவில் எட்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் ஹென்றி நியூபோல்ட்டின் 'கில்லெஸ்பி' என்ற ஆங்கிலக் கவிதையை ஒப்பித்துப் பரிசு பெற்றார். அச்சிறுவர் அதைத் திருத்தமாகவும் உணர்ச்சியுடனும் சொன்னார். அவருக்கு அந்தப் பரிசு உரியதுதான். ஆனால், அக்கவிதை எதைப் பற்றியது என்பது மேடையில் அமர்ந்திருந்தவர்களுக்குத் தெரியுமா? 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபோது, ஆற்காட்டிலிருந்து குதிரைப் படையுடன் விரைந்து வந்து அவ்வெழுச்சியை அடக்கிய அதிகாரியைப் புகழ்ந்து 1898-ல் வெளிவந்த தொகுப்பில் இடம்பெற்ற கவிதை அது. வேலூரை வஞ்சக ஊர் என்றே அது சொல்கிறது. வேலூரிலிருந்து சில கல் தொலைவில், வேலூர்ப் பிள்ளைகள் நிறைந்த அவையில், வேலூர்ப் பிள்ளையே அதை ஒப்பிக்க நாம் கைதட்டினோம்.

அந்தச் சிப்பாய்கள் ஏன் எழுந்தார்கள் என்ற கேள்வி அக்கவிதையில் இல்லை. தோல் பதக்கம் பொருத்திய புதிய தலைப்பாகையை அணிய வேண்டும், நெற்றிக்குறி கூடாது, காதணி கூடாது, தாடியைத் திருத்த வேண்டும் என்று தலைமைத் தளபதி ஜான் கிரடாக்கின் காலத்தில் வந்த ஆணைகளும், மறுத்தவர்களுக்குக் கிடைத்த கசையடியும் அதற்கு உடனடிக் காரணங்கள். எழுச்சி அடக்கப்பட்ட பின் ஏறத்தாழ நூறு பேர் கோட்டைக்குள் சுவரோரம் நிறுத்திச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். அந்த ஆணைகள் கைவிடப்பட்டன. அதாவது, தவறு எங்கே நடந்தது என்பதைக் கம்பெனியின் இயக்குநர்களே ஒருவகையில் ஒப்புக்கொண்டார்கள். தொண்ணூறாண்டு கழித்துக் குழந்தைகள் மனப்பாடம் செய்வதற்கு ஏற்ற கவிதையாக அது வந்தபோது, குதிரையும் எக்காளமும் கோட்டைக் கதவும் மிஞ்சின, தலைப்பாகை காணாமற் போயிற்று.

இதே நியூபோல்ட்தான் இங்கிலாந்தில் ஆங்கிலம் எவ்வாறு கற்பிக்கப்பட வேண்டும் என்று ஆராய்ந்து 1921-ல் அறிக்கை தந்த அரசுக் குழுவின் தலைவர். மொழிக் கல்வியும் நாட்டுப்பற்றும் பேரரசும் அக்காலத்தில் எவ்வளவு நெருங்கி நின்றன என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

இனி உங்கள் பதிலுக்கு வருகிறேன். மொழிக்காக மட்டுமே படிக்கவைக்கிறோம், வரலாறாக அல்ல என்கிறீர்கள். இந்நூல்கள் பிறந்த இடத்திலும் அவை பெரும்பாலும் அப்படித்தான் படிக்கப்பட்டன. இங்கிலாந்தில் 1870-ல் தொடக்கக் கல்விச் சட்டம் வந்து, 1880-ல் பள்ளி வருகை கட்டாயமாகி, 1891-ல் கட்டணமும் பெரும்பாலும் நீங்கியபோது, எழுதப் படிக்கக் கற்கும் லட்சக்கணக்கான உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளுக்காகப் பதிப்பகங்கள் போட்டி போட்டுக்கொண்டு வரிசை வரிசையாக வாசகப் புத்தகங்களை வெளியிட்டன. வரலாற்றுக்கெனத் தனி நேரம் இல்லாத பள்ளிகளில், வரலாறும் புவியியலும் வாசிப்பு வகுப்பில் வாசகப் புத்தகம் வழியாகவே குழந்தைகளைச் சென்றடைந்தன. உரக்கப் படிக்கவும், சொல்வதெழுதவும், மனப்பாடம் செய்யவும் கொடுத்த பத்தியிலேயே கிளைவும் நெல்சனும் லக்னோவும் இருந்தார்கள். தேர்வு கேட்டது உச்சரிப்பையும் எழுத்துப் பிழையையும்தான். நம்பிக்கை கேள்வியாகக் கேட்கப்படாமலேயே உள்ளே இறங்கியது. நீங்கள் பாதுகாப்பு என்று கருதும் அந்த ஏற்பாடுதான் அப்புத்தகங்களின் வேலைமுறை.

அம்முறைக்கு ஒரு நாள்காட்டியும் இருந்தது. விக்டோரியா அரசியின் பிறந்தநாளான மே 24-ஐப் பேரரசு நாளாகப் பள்ளிகளில் கொண்டாடும் இயக்கத்தை மீத் பிரபு 1904-ல் தொடங்கினார். பிள்ளைகள் கொடி வணக்கம் செய்து, பாடல் பாடி, பேரரசின் வீரர்களைப் பற்றிய உரை கேட்டு, அரைநாள் விடுமுறையுடன் வீடு திரும்பினார்கள். அரசு 1916-ல் அதை முறைப்படி ஏற்றது. இயக்கம் தொடங்கிய மறு ஆண்டு, 1905-ல், ஹென்றியட்டா எலிசபெத் மார்ஷல் இங்கிலாந்தின் வரலாற்றைச் சிறுவர்க்குக் கதையாகச் சொன்ன 'நம் தீவின் கதை' வந்தது. 1908-ல் அவரே பேரரசின் கதையை எழுதினார். முதல் நூல், ஆஸ்திரேலியாவில் வாழும் பிள்ளைகளுக்குத் தந்தை தாய்நாடான சின்னஞ்சிறு தீவைப் பற்றிச் சொல்வதாகத் தொடங்குகிறது. இது வரலாற்றுப் பாடமல்ல, கதைப் புத்தகம் என்று மார்ஷல் அதன் தொடக்கத்தில் நேர்மையாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் புத்தகத்தில் அந்த முன்னுரை இல்லை. வங்காள நவாபின் படை 1756-ல் பிடித்த ஆங்கிலேயரைச் சிறு அறையில் அடைத்ததாகச் சொல்லும் கல்கத்தாவின் இருட்டறைக் கதை அதில் அப்படியே நடந்த நிகழ்ச்சியாக வருகிறது. 146 பேரை அடைத்ததில் 123 பேர் இறந்தனர் என்பது உயிர் பிழைத்த ஹால்வெல் ஒருவர் தந்த கணக்கு என்பதோ, பின்வந்த ஆய்வாளர்கள் அவ்வெண்ணிக்கை மிகைப்படுத்தப்பட்டது என்று காட்டியிருக்கிறார்கள் என்பதோ ஒரு வரியாகக்கூட இல்லை.

ஜி. ஏ. ஹென்டி 1884-லேயே கிளைவின் படையில் ஓர் ஆங்கிலச் சிறுவனைச் சேர்த்து ஆற்காட்டுக்கு அனுப்பிவிட்டார். அவருடைய நூல்கள் அந்நாட்டுப் பள்ளிகளிலும் ஞாயிறு பள்ளிகளிலும் பரிசுப் புத்தகங்களாகப் பல்லாண்டு வழங்கப்பட்டன. 1911-ல் ஆக்ஸ்போர்டின் கிளாரண்டன் அச்சகம், அப்பல்கலைக்கழக ஆசிரியர் சி. ஆர். எல். ஃபிளெட்சரும் ருட்யார்ட் கிப்ளிங்கும் சேர்ந்து பள்ளிப் பிள்ளைகளுக்கென எழுதிய இங்கிலாந்து வரலாற்றை வெளியிட்டது. உங்கள் ஏழாம் வகுப்புப் புத்தகத்திலுள்ள இரண்டு பகுதிகளும் ஒரு பாடலும் அதிலிருந்து வந்தவை. அதே நூலில், மேற்கிந்தியத் தீவுகளின் மக்கள் சோம்பேறிகள், தீயொழுக்கமுடையவர்கள், கட்டாயப்படுத்தினாலன்றி உழைக்காதவர்கள் என்று எழுதப்பட்டிருக்கிறது. அந்த மக்கள் யார்? கப்பலில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டுத் தலைமுறை தலைமுறையாகக் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள். அப்பத்தி உங்கள் தொகுப்பில் இல்லை என்பது உண்மை. தொகுத்தவர் அதைக் கண்டு ஒதுக்கியிருக்க வேண்டும். கண்டு ஒதுக்கத் தெரிந்தவருக்கு, அருகிலுள்ள பக்கங்களும் அதே மனத்திலிருந்து பிறந்தவை என்று ஒரு குறிப்பு எழுதவும் தெரிந்திருக்கும். அந்நூல் வெளிவந்த காலத்தில் இங்கிலாந்திலேயே அதைக் கண்டித்து எழுதியவர்கள் உண்டு. நூறாண்டுக்கு முன் அங்கே எழுந்த ஐயம்கூட இன்று நம்மிடம் எழக் கூடாதா?

1904-ல் பத்து வயதில் கொடி வணக்கம் செய்த பையன் 1914-ல் இருபது வயதில் இருந்தான். அவனைப் போர்க்களத்துக்கு அனுப்பியது வாசகப் புத்தகம் மட்டும்தான் என்று நான் சொல்லமாட்டேன். வறுமை, நண்பர்கள், வேலையின்மை, உண்மையான கடமையுணர்வு எல்லாம் அதில் இருந்தன. ஆனால், தன் நாடு தவறே செய்யாது என்று நம்பும்படி அவன் பிள்ளைப் பருவத்திலேயே பழக்கப்பட்டிருந்தான். இந்தப் புத்தகங்களால் பாதிக்கப்பட்டவர்கள் ஆளப்பட்டவர்கள் மட்டுமல்லர்.

நம் பக்கத்தில் இதன் கிளை எப்படி வளர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வில்லியம் லீ-வார்னர் 1897-ல் இந்தியப் பள்ளி மாணவர்க்கென்றே எழுதிய குடிமை நூல், ரயிலும் தபாலும் அமைதியும் சட்டமும் ஆங்கிலேய ஆட்சியின் கொடைகள் என்று கற்பித்தது. நாட்டுப்பற்றை அரசு வெறுக்கவில்லை, அது எந்தத் திசையில் செல்ல வேண்டும் என்பதைத்தான் வரையறுத்தது. மாணவரும் ஆசிரியரும் அரசியல் கூட்டங்களுக்குப் போகக் கூடாது என்று 1907-ல் ரிஸ்லி சுற்றறிக்கை வந்தது; அடுத்த ஆண்டு மார்ச்சில் வ.உ.சி. கைதானபோது திருநெல்வேலியில் மாணவர்களும் தெருவுக்கு வந்தார்கள். 1904-ல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதம் தமிழாசிரியராக இருந்த பாரதி, தன் சுயசரிதைக் கவிதையில், கம்பனையும் வள்ளுவனையும் சேர சோழ பாண்டியரையும் அசோகனையும் அறியாமல் பிள்ளைகள் படித்துப் பட்டம் பெறும் கல்வியை நினைத்துப் புலம்பியிருக்கிறார். 1928-ல் அவருடைய தேசியப் பாடல்களைப் பறிமுதல் செய்ய சென்னை அரசு ஆணையிட்டது; சத்தியமூர்த்தி சட்டசபையில் அதை எதிர்த்து வாதாடினார். குழந்தைகள் வாயில் எந்தப் பாட்டு இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய காரியம் என்று அன்றைய அரசுக்குத் தெரிந்திருந்தது. ஒரு பள்ளியின் நிர்வாகக் குழுவுக்கு அது தெரியாமல் இருக்கலாகாது.

ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தின் கடைசிப் பாடத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். விக்டோரியா அரசி இந்தியாவின் பேரரசியாக 1877 ஜனவரி 1 அன்று டெல்லியில் அறிவிக்கப்பட்ட விழாவின் வருணனை அது: யானைகள், பட்டுக் கொடிகள், அரசர்களின் ஊர்வலம், வெடிமுழக்கம். அதே குளிர்காலத்தில் சென்னை மாகாணம் தாது வருடப் பஞ்சத்தில் கிடந்தது. வட ஆற்காடும் பஞ்சம் தாக்கிய மாவட்டங்களில் ஒன்று. நிவாரணப் பணியில் நாள் முழுவதும் கல்லுடைக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்று, பஞ்ச நிவாரணத்தைப் பார்வையிட இந்திய அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தது அந்த ஜனவரியில்தான். பஞ்சம் முடிவதற்குள் மாகாணத்தில் பல லட்சம் பேர் மாண்டார்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் தாது வருடத்தை ஒரு சாபச் சொல்லாக வைத்திருந்தார்கள். விவரம் தெரியாத வயதிலேயே அச்சொல்லைக் கேட்டு நான் நடுங்கியிருக்கிறேன். அப்படிப்பட்ட ஊரின் பத்து வயதுக் குழந்தைக்கு விழாவின் யானைகளை மட்டும் காட்டி முடிக்கும் பாடத்தை, பக்கத்தில் வேறொன்றும் வைக்காமல், பள்ளி எப்படிக் கொடுக்கலாம்?

இப்புத்தகங்களை எரிக்கவோ தடை செய்யவோ நான் கேட்கவில்லை. என் பணிக்காலம் முழுவதும் இத்தகைய பழைய நூல்களைத் தேடிச் சேர்த்து வகுப்பில் பயன்படுத்தியவள் நான். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை டெல்லி கேட்டுக்கு அழைத்துப் போய், மெக்காலேயின் பத்தியைத் தமிழில் சொல்லிவிட்டு, இதை எழுதியவர் யார், முற்றுகைக்கு எத்தனை ஆண்டு கழித்து எழுதினார், யார் படிக்க எழுதினார், இதில் யார் பேசவில்லை என்று கேட்பேன். தமிழ்வழியில் படித்த, வீட்டில் புத்தகமே இல்லாத பிள்ளைகள்கூட அக்கேள்விகளுக்கு அபாரமாகப் பதில் சொன்னார்கள். சிப்பாயாகத் தம்மை வைத்து முற்றுகையைப் பற்றிக் கடிதம் எழுதச் சொன்னபோது, ஒரு மாணவி தான் ஏன் கஞ்சியோடு நின்றுகொண்டாள் என்பதற்கு விசுவாசத்தைக் காரணமாக எழுதவில்லை. நிலுவைச் சம்பளத்தைக் காரணமாக எழுதினாள். அது சரியா தவறா என்பதைப் பற்றி வகுப்பு முழுவதும் வாதிட்டது. பழைய வாசகம் ஆண்டும் பெயரும் உடையதாக வந்தபோது, அதே பக்கம் அவர்களுக்குச் சிந்திக்கக் கற்றுக்கொடுத்தது.

நம் பக்கத்து வீரக் கதைகளுக்கும் நான் இதே கேள்விகளைக் கேட்டிருக்கிறேன். வேலூர்க் கோட்டையில் எழுந்த சிப்பாய்கள் மருத்துவமனையில் நோயுற்றுக் கிடந்த ஐரோப்பியரையும் கொன்றார்கள். அதை மறைத்துவிட்டு வேலூர் மக்கான் சந்திப்பில் அவ்வெழுச்சிக்காக நிற்கும் நினைவுத் தூணைக் காட்ட எனக்கு மனம் வந்ததில்லை. பேரரசின் கதையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கேள்வி கேட்க விடாத இன்னொரு கதையை வைப்பது என் நோக்கமல்ல. நாட்டை நேசிக்கும் பிள்ளை அந்நாட்டைப் பற்றிய உண்மையைத் தாங்கவும் பழக வேண்டும்.

நல்ல ஆங்கில நடை பிள்ளைகளுக்கு வேண்டும் என்ற உங்கள் விருப்பத்தை மதிக்கிறேன். எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள் ஆங்கிலத்தால் எத்தனை கதவுகளுக்கு வெளியே நிற்கிறார்கள் என்பதை வகுப்பறையில் கண்டவள் நான். மார்ஷலின் வாக்கியங்கள் தெளிவானவை, கிப்ளிங்கின் சந்தம் செவியில் தங்குவது. அவை அழகாக இருப்பதால்தான் பிள்ளை மனத்தில் ஆழமாகப் பதிகின்றன, அழகாக இருப்பதால்தான் கூடுதல் கவனம் தேவை. இந்தியர்களும் ஆப்பிரிக்கர்களும் கரீபியத் தீவினரும் சிறுவர்க்கென நேர்த்தியான ஆங்கிலத்தில் எழுதிய நூல்கள் இன்று ஏராளம். அவற்றை விலைகொடுத்து வாங்க வேண்டியிருக்கும் என்பது உண்மை. பெற்றோரிடம் வாசிப்புக்கென்று தனிக் கட்டணம் வாங்கிய பள்ளி, பதிப்புரிமை முடிந்ததால் மலிவாகக் கிடைத்ததைக் கொடுத்து நிறுத்திக்கொள்ளலாகாது.

ஆகவே, நிர்வாகக் குழுவை நான் கேட்பவை இவை.

இந்நான்கு புத்தகங்களிலும் உள்ள ஒவ்வொரு பகுதிக்கும் எழுதியவர் பெயர், முதல் நூலின் பெயர், வெளிவந்த ஆண்டு, எவருக்காக எழுதப்பட்டது என்ற விவரம் ஆகியவற்றைத் தொகுத்து, அச்சிட்ட தாளாக எல்லா மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் அரையாண்டுத் தேர்வுக்கு முன் தர வேண்டும். பதிப்பாளரிடம் அவ்விவரம் இல்லையென்றால், நானும் ஓய்வு பெற்ற சக ஆசிரியர்கள் சிலரும் அதை ஊதியமின்றித் தயாரித்துத் தருகிறோம்.

ஐந்தாம், ஆறாம் வகுப்புகளில் ஆற்காட்டு முற்றுகை, கல்கத்தா இருட்டறை, டெல்லி அறிவிப்பு விழா ஆகிய மூன்று பாடங்களையும் படிக்கவைப்பதை உடனே நிறுத்த வேண்டும். எட்டாம் வகுப்பில் அவற்றை வரலாற்று ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் இணைந்து, மாநிலப் பாடநூலிலுள்ள வேலூர் எழுச்சிப் பகுதியோடும் தாது வருடப் பஞ்சத்தைப் பற்றிய செய்திகளோடும் பக்கத்தில் பக்கம் வைத்து நடத்தலாம். அதற்கு ஆற்காட்டுக்கும் வேலூர்க் கோட்டைக்கும் ஒருநாள் பயணம் ஏற்பாடு செய்யுங்கள்; இரண்டும் பள்ளிக்கு அருகிலேயே உள்ளன.

ஆண்டுவிழாவிலும் போட்டிகளிலும் ஒப்பிக்கத் தரும் கவிதைகளை, அவை எதைப் பற்றியவை என்று படித்துப் பார்த்த பிறகே தேர்ந்தெடுக்க வேண்டும். 'கில்லெஸ்பி'யை ஒப்பித்த மாணவருக்கும் அவருடைய வகுப்புக்கும் 1806 ஜூலை 10 அன்று நடந்தது முழுமையாகச் சொல்லப்பட வேண்டும். அதில் அவர் எந்தத் தவறும் செய்யவில்லை என்பதும் சேர்த்துச் சொல்லப்பட வேண்டும்.

அடுத்த கல்வியாண்டுக்கான வாசிப்பு நூல்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் வரலாற்று ஆசிரியர் ஒருவரும், தமிழாசிரியர் ஒருவரும், பெற்றோர் இருவரும் இடம்பெற வேண்டும். தேர்வான நூல்களின் பட்டியல் அச்சுக்கோ கொள்முதலுக்கோ போகும் முன் பெற்றோர் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும்.

இக்கோரிக்கைகளில் எவற்றை ஏற்கிறீர்கள், எவற்றை மறுக்கிறீர்கள், மறுப்பதற்குக் காரணம் என்ன என்பதை அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு முன் எழுத்து வடிவில் எல்லாப் பெற்றோருக்கும் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியை,
உங்கள் பள்ளி ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் பாட்டி